விசிலுக்கு டிக்கெட் இல்லை

செக்கிங் அக்காவைப் பற்றி எழுதச் சொன்னால் டிப்போவில் யாரும் எழுத மாட்டார்கள். திட்டுவார்கள். ஓடுகிற பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி, ஏறி, ஒவ்வொரு பயணியிடமும் டிக்கெட்டை வாங்கிப் பார்ப்பது அவர் வேலை. கண்டக்டருக்கு அந்த வேலையைப் பிடிக்காது. பயணிக்கும் பிடிக்காது. நான் அந்த டிப்போவில் கண்டக்டர்களுக்குச் சங்கம் கட்டியவன். ஆக, எனக்கும் பிடிக்காது. இருந்தும் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் ஒரு விசில்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். குள்ளம். பருத்தி உடுப்பு, ரப்பர் செருப்பு, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை. சிரிக்க மாட்டார் என்று ஊர் நினைக்கிறது. சிரிப்பார், ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கியபின் சிரிப்பார். அவர் வீட்டுக்காரர் அதே டிப்போவில் கண்டக்டராக இருந்தவர். முழங்கால் தேய்ந்து, வேலையை விட்டுவிட்டு, இப்போது வீட்டில் சமையலைக் கையில் எடுத்துக்கொண்டவர். விசில் ஊதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் அவர் பேரே விசில்காரர். அவர் வேலையில் இருந்தபோது ஒருநாள் அவர் பஸ்ஸில் ஏறிய செக்கிங் அக்கா டிக்கெட் இல்லாத ஒருவனைப் பிடித்து, விசில்காரருக்கு மெமோ கொடுத்தார். மெமோவுக்குப் பதில் சொல்லப் போன மனுஷன் பெண் கேட்டுவிட்டு வந்தார். சங்கத்துக்கே அது அவமானம் என்று அன்று நான் பேசினேன். கல்யாணச் சாப்பாட்டையும் சாப்பிட்டேன்.

அக்கா கலைக்களஞ்சியத்துக்குள் போனது ஒரு பஸ் நிறுத்தத்தில். யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று இணையத்தில் இருக்கிறதே, அந்தக் கலைக்களஞ்சியம். ஒரு பஸ்ஸை முடித்துவிட்டு அடுத்த பஸ்ஸுக்காக நிற்கும்போது போனில் அதைப் படிப்பது அவர் வழக்கம். ஒருநாள் பயணச்சீட்டு பற்றிய பக்கத்தில் ஒரு தப்பைப் பார்த்தார். தனக்குத் தெரிந்ததை எழுதித் திருத்தினார். அடுத்த பஸ் வருவதற்குள் அவர் எழுதியதை யாரோ எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு குறிப்பு வைத்திருந்தார்கள்: ‘நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். எதில் அச்சாகியிருக்கிறது?’

வேறு யாராக இருந்தாலும் போனை உள்ளே போட்டுவிட்டுத் திட்டியிருப்பார்கள். அக்காவுக்கு அன்று முழுக்கச் சந்தோஷம் தாங்கவில்லை.

“என் வாழ்க்கையில முதல் தடவையா என்கிட்ட ஒருத்தர் டிக்கெட் கேட்டாருண்ணே” என்றார் என்னிடம்.

கேட்டவர் தனக்கு ஆமை என்று பேர் வைத்துக்கொண்டிருந்தார். ஆணா பெண்ணா, எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. அங்கே எல்லோரும் அப்படித்தான். பதில் போட நேரம் எடுக்கும், போட்டால் தப்பாது. அக்கா ஆமையோடு சண்டை போட்டே அந்த வேலையைக் கற்றுக்கொண்டார். சில வருஷத்தில், புதிதாக வருகிற பக்கங்களைப் பார்த்து எது இருக்கலாம், எது போக வேண்டும் என்று சொல்கிறவர்களில் ஒருவராகிவிட்டார்.

என்னென்ன வரும் என்கிறீர்கள்? தன் கடையைத் தானே ‘உலகத்தரம் வாய்ந்தது’ என்று எழுதுகிறவன் வருவான். மச்சானுக்குப் பிறந்தநாள் பரிசாக மச்சானைப் பற்றி ஒரு பக்கம் போடுகிறவன் வருவான். தன் பூனையின் வாழ்க்கை வரலாற்றை, பிறப்பு, இளமை, சாதனைகள் என்று தலைப்புப் பிரித்து ஒரு பெண் எழுதியிருந்தாள். அக்கா அதை முழுக்கப் படித்துவிட்டுத்தான் நீக்கினார். பூனை மூன்று வீட்டில் மூன்று வெவ்வேறு பெயரில் வாழ்ந்தது என்ற தகவல் அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

அதுதான் அவர் குணம். ஆள் கறார், ஆனால் கறாருக்கு முன்னால் ஆர்வம் வந்து நிற்கும். ஓர் ஊரின் மணிக்கூண்டுக் கடிகாரம் பின்பக்கமாக ஓடுகிறது என்று ஒரு பக்கத்தில் ஒரு வரி வந்தது. லீவு போட்டுவிட்டு, பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தார். உண்மைதான், முள் பின்னால் போகிறது. வீட்டுக்கு வந்து அந்த வரியை எடுத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. கண்ணால் பார்த்துவிட்டு வந்து எடுப்பது என்ன நியாயம் என்று கேட்டேன்.

“நான் பார்த்தது எனக்குச் சரிண்ணே. படிக்கிறவன் என்னை எப்படி நம்புவான்? நான் யாருன்னே அவனுக்குத் தெரியாதே. சம்பந்தமில்லாத ஒருத்தர் விசாரிச்சு அச்சுல எழுதியிருக்கணும். அதைக் காட்டினா அவனே போய்ப் பார்த்துக்குவான்.”

நான் விடவில்லை. உழைக்கிறவனைப் பற்றி எவன் அச்சில் எழுதினான்? முதலாளி நாய் வாங்கினால் பேப்பரில் வரும். கண்டக்டர் கால் தேய்ந்தால் வராது. உங்கள் விதிப்படி போனால் உள்ளே முதலாளியின் நாய் இருக்கும், கண்டக்டர் இருக்க மாட்டான். இதை நான் மேடையில் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

அக்கா மறுக்கவில்லை. “அது நிஜம்தாண்ணே. ஆனா அது முதல்ல சொல்ற இடம் இல்ல. ரெண்டாவதா சொல்ற இடம். முதல்ல சொல்ல வேண்டியவங்க சொல்லாம விட்டதுக்கு என்னைத் திட்டினா நான் எங்க போவேன்?”

இந்த வாக்குவாதம் எங்களுக்குள் தீரவே இல்லை. தீராத நிலையில்தான் அந்தப் பக்கம் வந்தது.

‘நடத்துநர் விசில் மொழி’ என்று தலைப்பு. எழுதியவர் புதுப் பயனர். ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் போ என்பது ஊருக்கே தெரியும். இந்தப் பக்கம் ஊருக்குத் தெரியாததைச் சொன்னது. எதிரே வரும் பஸ்ஸைக் கடக்கும்போது கண்டக்டர் அந்த பஸ் கண்டக்டருக்கு ஊதுகிற ரகசிய விசில்கள். இரண்டு நீளம், ஒரு குட்டை: முன்னால் செக்கிங் நிற்கிறது, உஷார். மூன்று குட்டை: குடித்துவிட்டு ஒருத்தன் அடுத்த நிறுத்தத்தில் காத்திருக்கிறான். ஒரே நீளமாக இழுத்தால்: டிப்போவில் டீ தீர்ந்துவிட்டது.

அக்கா படித்துக்கொண்டே சிரித்திருக்கிறார். இத்தனை வருஷம் தான் கைகாட்டிய பஸ்ஸில் எல்லாம் எல்லோரும் டிக்கெட்டோடு யோக்கியமாக உட்கார்ந்திருந்தது எப்படி என்று அன்றுதான் புரிந்தது. படித்துக் கடைசி வரிக்கு வந்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

‘மூன்று குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை: ஏறப்போகும் பரிசோதகர் நமக்கு வேண்டியவர், பயம் வேண்டாம்.’

அந்த விசில் எந்த பஸ்ஸிலும் ஊதப்பட்டதில்லை. அது அவர்கள் வீட்டு விசில். கல்யாணமான புதிதில் விசில்காரர் விளையாட்டாக உண்டாக்கியது. டீ போட்டாயிற்று, வா என்று அர்த்தம். உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் இதைப் படித்துக்கொண்டிருந்தார். இன்னொருத்தர் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

அக்கா போனோடு அடுப்படி வாசலில் போய் நின்றார்.

“என்னங்க, கடைசி விசிலை எந்த பஸ்ல ஊதினீங்க?”

“எந்த விசில்?”

“மூணு குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை.”

“அதுவா. டிப்போல எல்லாருக்கும் தெரியுமே.”

“நம்ம வீட்டுல டீ எப்ப ரெடியாகுதுன்னு டிப்போல எல்லாருக்கும் தெரியுமா?”

மனுஷன் மாட்டிக்கொண்டார். மற்றதெல்லாம் சத்தியமான நிஜம், கடைசியில் ஒன்று மட்டும் ஆசைக்குச் சேர்த்தேன் என்று ஒப்புக்கொண்டார். அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துப் பார்த்தே எழுதக் கற்றிருக்கிறார். அதன்பின் அவர் சொன்னதுதான் விஷயம்.

“நான் வேலையை விட்டப்புறம் ஒருத்தன் என்னை எதுவும் கேட்டதில்ல. நீ கூட உப்பு போட்டீங்களான்னுதான் கேக்குற. எனக்குன்னு தெரிஞ்சது இது ஒண்ணுதான். இருந்துட்டுப் போகட்டுமே.”

அக்கா அந்தக் கடைசி வரியை எடுக்கச் சொன்னார். எடுக்கிறேன் என்றார் அவர். எடுப்பதற்குள் ஆமை வந்து சேர்ந்துவிட்டது. சான்று ஒன்றும் இல்லை, நீக்கலாமா, ஒரு வாரம் பேசுவோம் என்று பக்கத்தின் தலையில் அறிவிப்பு தொங்கியது. இனி கை வைத்தால் தடயத்தை அழிக்கிற மாதிரி இருக்கும் என்று விசில்காரர் பயந்து அப்படியே விட்டுவிட்டார்.

வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு அக்கா, இருக்கலாமா போகலாமா என்று விவாதிக்கிற பேச்சுப் பக்கத்தில் எழுதினார்: ‘எழுதியவர் என் கணவர். இருக்கட்டும் என்றோ போகட்டும் என்றோ நான் சொல்ல மாட்டேன். சான்று தேடித் தருகிறேன்.’

தேட ஆரம்பித்தவர் முதலில் வந்தது என்னிடம். சங்க நோட்டீஸ் எதிலாவது விசிலைப் பற்றி வந்திருக்கிறதா என்று கேட்டார். வந்திருந்தது. பரணில் இருந்து இறக்கிக் கொடுத்தேன். ‘எங்கள் விசில் எங்கள் ஆயுதம்’ என்று கொட்டை எழுத்தில் நானே எழுதியது. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் படித்தார்.

“நல்லா இருக்குண்ணே. ஆனா இதுல நீங்க உங்களையே மெச்சிக்கிட்டிருக்கீங்க. இது ஆகாது.”

அந்த நோட்டீஸுக்காக ராத்திரி பகலாக ஓடியவன் நான். என்னிடம் சொல்கிறார், ஆகாதாம்.

விசில்காரர் வேறு வழியில் இறங்கினார். டிப்போக்காரர்களுக்கு ஒன்று தெரியும். பிரச்சினை என்றால் ஆளைத் திரட்டு. போன் மேல் போன் போட்டார். ஓய்ந்தவன், ஓடுகிறவன், டிரைவர், டயர் மாற்றுகிறவன், எல்லோரும் கணக்குத் திறந்து ‘இருக்க வேண்டும்’ என்று வரிசையாக எழுதினார்கள். நானும் எழுதினேன். ஒருவர் ‘இருக்க வேண்டும், கூடவே பஞ்சப்படியும் வேண்டும்’ என்று எழுதிவிட்டார். பார்க்க மே தின ஊர்வலம் மாதிரி கம்பீரமாக இருந்தது.

ஆமை நிதானமாக ஒரு வரி போட்டது: ‘வந்த அனைவருக்கும் நன்றி. இங்கே தலையை எண்ணுவதில்லை. காரணத்தைப் பார்க்கிறோம். சான்று இருக்கிறதா?’

இத்தனை கை தூக்கியும் அசையாத ஒரு சபையை நான் அதுவரை கண்டதில்லை. ஆமையின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

கெடு முடிகிற சமயத்தில் அதிர்ஷ்டம் அடித்தது. ஒரு பேப்பரின் ஞாயிறு இணைப்பில் முழுப் பக்கம்: விசிலில் பேசிய கண்டக்டர்கள். படம், வர்ணனை, எல்லாம் பிரமாதம். டிப்போவில் இனிப்பு கொடுத்தார்கள். ஆமையே வந்து, இப்போது சம்பந்தமில்லாத ஒருவர் அச்சில் எழுதிய சான்று இருக்கிறது, பக்கம் இருக்கட்டும் என்று எழுதிவிட்டது. விசில்காரர் அந்தத் தாளைக் கத்தரித்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போன இடத்தில் எல்லாம் பிரித்துக் காட்டினார்.

அக்கா மட்டும் பேப்பரைப் பொறுமையாகப் படித்தார். கடைசிப் பத்தியில் இருந்தது: மூன்று குட்டை, ஒரு நீளம், ஒரு குட்டை.

புரிகிறதா? இரண்டே பேருக்குத் தெரிந்த விசில் பேப்பர்காரருக்கு எப்படித் தெரியும்? அக்கா பேப்பர் அலுவலகத்துக்குப் போன் போட்டு எழுதியவரைப் பிடித்தார். கோபமாக இல்லை. எந்த டிப்போவில் கேட்டீர்கள், யாரிடம் கேட்டீர்கள் என்று ஆசையாக விசாரித்தார். அந்தப் பையன் ஒளிக்கவில்லை. எங்கேயும் போகவில்லை மேடம், இணையக் கலைக்களஞ்சியத்தில் நல்ல பக்கம் ஒன்று இருக்கிறது, அதைப் பார்த்துத்தான் எழுதினேன் என்றான்.

ஆக, விசில்காரர் சொன்னதைப் பேப்பர் சொன்னது. பேப்பர் சொன்னதால் விசில்காரர் சொன்னது நிஜம். ஒரே டிக்கெட் பஸ்ஸைச் சுற்றி வந்து முன்பக்கமாக ஏறியிருக்கிறது.

ஊரில் யாருக்கும் தெரியாது. ஆமைக்கும் தெரியாது. அக்கா வாயைத் திறக்காவிட்டால் பக்கம் காலத்துக்கும் இருக்கும். அன்று சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்தே இருந்தார்.

நான் சொன்னேன், விட்டுவிடம்மா, ஒரு வரி பொய், மற்றதெல்லாம் உண்மை, யாருக்கு நஷ்டம் என்று.

“மத்ததெல்லாம் உண்மைன்னு இப்ப எனக்கு எப்படிண்ணே தெரியும்?” என்றார். “அவர் சொன்னா நான் நம்புவேன். நான் சம்சாரம். படிக்கிறவன் அவருக்கு என்ன வேணும்?”

வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம்தான் முதலில் சொன்னார். அவர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாராம். அப்புறம் கேட்டாராம், “சொல்லாம இருக்க முடியாதா உன்னால?”

“சொந்தக்காரங்கன்னு ஒரு ஆளை டிக்கெட் இல்லாம விட்டா, நாளைக்கு அடுத்தவன்கிட்ட நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுக் கேப்பேன்?”

எழுதினார். பேச்சுப் பக்கத்தில், நடந்ததை நடந்தபடி. டீயைப் பற்றிக்கூட எழுதினார். மறுநாள் பக்கம் போய்விட்டது.

விசில்காரர் ஸ்டிரைக் அறிவித்தார். சமையல் உண்டு, பேச்சு கிடையாது. கழுத்தில் பழைய விசிலை மாட்டிக்கொண்டார். சாப்பாடு தயார் என்றால் ஒரு விசில். தட்டை எடு என்றால் இரண்டு. கரண்ட் பில் கட்டவில்லை என்பதை எப்படி ஊதினார் என்று தெரியவில்லை, அக்காவுக்குப் புரிந்திருக்கிறது. நாத்தனார் போன் போட்டு, “என் தம்பி பொறந்ததுல இருந்து எழுதினது ஒண்ணே ஒண்ணு, அதையும் அழிச்சிட்டியாமே, நல்லாருக்குடி உன் குடித்தனம்” என்று கேட்டார். அந்த விசில் சத்தத்தைக் கேட்கக் கேட்க அக்காவுக்கு வேறு ஒன்று உறைத்தது.

கலைக்களஞ்சியத்தோடு சேர்ந்த இன்னொரு இடம் இருக்கிறது. படம், ஒலி எல்லாம் போட்டு வைக்கிற கிடங்கு. அங்கே ஒரு விசில் சத்தம் பெரிய விஷயமா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இது இன்ன சத்தம், இன்னார் ஊதியது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்தால் போதும். அடுத்த முறை சாப்பாட்டு விசில் கேட்டதும் அக்கா போனை நீட்டிக்கொண்டு போனார்.

“இன்னொரு தடவை ஊதுங்க. பதிவு பண்றேன்.”

ஸ்டிரைக்காரர் முறைத்தார். ஆனால் விசில் வாய்க்குப் போய்விட்டது. பஸ் விசில்களை ஒவ்வொன்றாக ஊதினார். குக்கர் நடுவில் கத்தியதால் ஒன்றை மறுபடி ஊத வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஒலிக்கும் கீழே அக்கா ஒரே மாதிரி எழுதினார்: ‘ஓய்வு பெற்ற நடத்துநர் ஒருவர் ஊதியது. பொருள், ஊதியவர் சொன்னபடி.’ சொன்னபடி என்ற வார்த்தையைப் பார்த்து விசில்காரர் முகம் சுளித்தார். அப்புறம், அதில் தப்பில்லை, சொன்னது நான்தானே என்றார். அதுதான் ஸ்டிரைக் முடிந்த பேச்சு.

கடைசி விசிலை மட்டும் போடவில்லை. ஏன் என்று நான் கேட்டதற்கு, அது வீட்டுச் சாமான் என்றார் அக்கா.

கதை இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்து, எங்கோ தூரத்து டிப்போவில் வேலை பார்க்கும் ஒரு கண்டக்டர் அந்த ஒலிகளைக் கேட்டுவிட்டு அடியில் எழுதியிருந்தார்: ‘இரண்டு நீளம் ஒரு குட்டை என்றால் எங்கள் பக்கம் செக்கிங் போய்விட்டது, கவலை வேண்டாம் என்று அர்த்தம். நீங்கள் தலைகீழாக எழுதியிருக்கிறீர்கள்.’

விசில்காரர் கொதித்துப் போனார். “தலைகீழா ஊதினது அவனுங்க. எத்தனை பேரு மெமோ வாங்கியிருப்பானுங்களோ.” அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மணிக்கூண்டு பார்க்கப் போன அன்று இருந்த அதே முகம். அப்படியென்றால் இது ஒரே மொழி இல்லையா? டிப்போவுக்கு டிப்போ வேறா? எந்த ஊரில் மாறுகிறது? நடுவில் இருக்கும் டிப்போக்காரன் எதை நம்புவான்?

இரண்டு பேரும் கிளம்பிவிட்டார்கள். அவர் முழங்காலுக்குப் பட்டை, இவர் கையில் போன். திரும்பி வந்து சொன்னார்கள். அந்த ஊர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறார்கள். எதிரே ஒரு பஸ் கடந்தது. அதிலிருந்து இரண்டு நீளம், ஒரு குட்டை. செக்கிங் வருது பார் என்றார் விசில்காரர். போயிடுச்சுன்னுல்ல எழுதியிருந்தார் என்றார் அக்கா. இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுத்த நிறுத்தம் வரை ரோட்டையே பார்த்திருக்கிறார்கள். செக்கிங் வரவில்லை. வந்துவிட்டுப் போன அடையாளமும் இல்லை. பொறுக்க மாட்டாமல் விசில்காரர் தங்கள் பஸ் கண்டக்டரைக் கூப்பிட்டு, அந்த விசிலுக்கு என்னப்பா அர்த்தம் என்று கேட்டார்.

“நம்ம பின்கதவு சரியா மூடலையாம் சார்” என்று சொல்லிவிட்டு அந்தப் பிள்ளை போய்க் கதவை இழுத்துச் சாத்தியது.

“இதை எங்க எழுதுறது?” என்று கேட்டாராம் விசில்காரர்.

“இப்போதைக்கு எங்கேயும் இல்ல. அடுத்த டிப்போ எவ்வளவு தூரம்னு கேளுங்க” என்றாராம் அக்கா.